பாப் மோசஸ் - ஓட்டுரிமையும் அல்ஜீப்ராவும்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கூகிள்ல ராபர்ட் மோசஸ்னு தேடினீங்கன்னா, நியூயார்க்ல பாலமும் நெடுஞ்சாலையுமா கட்டித் தள்ளின ஒரு பெரிய அதிகாரிதான் முதல்ல வந்து நிப்பார். இந்தப் பதிவு அவரைப் பத்தி இல்லை. அதே நியூயார்க்ல, கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில 1935 ஜனவரியில பிறந்த இன்னொரு ராபர்ட் மோசஸ் இருக்கார். முழுப்பேர் ராபர்ட் பாரிஸ் மோசஸ். பாப்னுதான் எல்லாரும் கூப்பிட்டாங்க.

அமெரிக்க சிவில் உரிமைப் போராட்டம்னு சொன்னதும் நமக்கு மார்ட்டின் லூதர் கிங் ஞாபகத்துக்கு வருவார். அடுத்து பஸ்ல எழுந்திருக்க மாட்டேன்னு உட்கார்ந்த ரோசா பார்க்ஸ். பாப் மோசஸ் பேர் வராது. அதுக்கு அவரும் ஒரு காரணம். கூட்டம்னா பின்னாடி போய் நின்னுக்கிற ஆள். பேசினாலும் முன் வரிசைக்கே காது கொடுத்துதான் கேக்கணும், அவ்வளவு மெதுவான குரல்.

அவரைப் பத்தி எழுதறவங்க பெரும்பாலும் வாழ்க்கையை ரெண்டு துண்டா வெட்டிடறாங்க. முதல் பாதியில மிசிசிப்பியில ஓட்டுரிமைக்காக அடிபட்ட போராளி. இரண்டாம் பாதியில அரசியல் கசந்து போய் ஸ்கூல் பசங்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த வாத்தியார். எனக்கு இந்த வெட்டு சரியாப் படலை. அந்த மனுஷன் செஞ்சது ஒரே வேலைதான். ஏன் அப்படிச் சொல்றேன்னு பார்ப்போம்.

ஹார்லெம்ல அரசுக் குடியிருப்புல வளர்ந்தவர். போட்டித் தேர்வு எழுதி ஸ்டைவசன்ட் பள்ளியில இடம் பிடிச்சார். அப்புறம் ஸ்காலர்ஷிப்ல ஹாமில்டன் கல்லூரி, அங்கேருந்து ஹார்வர்டுல தத்துவத்துல எம்.ஏ. முனைவர் பட்டத்துக்குப் படிச்சிட்டு இருந்தப்போ அம்மா இறந்துட்டாங்க, அப்பா ஆஸ்பத்திரியில. படிப்பை விட்டுட்டு ஊருக்கு வந்து, ஹோரஸ் மேன்கிற தனியார் பள்ளியில கணக்கு வாத்தியார் ஆனார். இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க. மிசிசிப்பிக்குப் போறதுக்கு முன்னாடியே ஆள் கணக்கு வாத்தியார்தான்.

1960 பிப்ரவரியில கிரீன்ஸ்பரோ ஊர்ல நாலு கறுப்பின மாணவர்கள், வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த ஓட்டல் கவுண்டர்ல போய் உட்கார்ந்தாங்க. அதைத் தொடர்ந்து தெற்கு முழுக்க மாணவர்கள் இறங்கிட்டாங்க. பேப்பர்ல அந்தப் பசங்க முகத்தைப் பார்த்துட்டு, கோடை லீவுல கிளம்பி அட்லாண்டாவுக்குப் போறார் மோசஸ். அங்கே எல்லா பேக்கர்னு ஒரு அம்மா. (இவங்களுக்குத் தனிப் பதிவே போடணும்.) ஒரு தலைவரை நம்பி உட்காராம அந்தந்த ஊர் ஜனங்களே தங்களுக்காகப் பேசணும்னு வாழ்க்கை முழுக்க சொன்னவங்க. அவங்க தூண்டுதல்ல உருவானதுதான் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு. சுருக்கமா 'ஸ்னிக்'.

ஸ்னிக்குக்கு ஆள் சேர்க்க மிசிசிப்பி போனார் மோசஸ். கிளீவ்லாந்துங்கிற சின்ன ஊர்ல ஏம்ஸி மூர்னு ஒருத்தர். உலகப் போருக்குப் போய் வந்தவர், தபால் ஆபீஸ்ல வேலை, சொந்தமா ஒரு பெட்ரோல் பங்க். அவர் தெளிவா சொல்லிட்டார்: ஓட்டல்ல உட்கார்ற போராட்டம் எங்களுக்கு வேணாம். எங்களுக்கு ஓட்டு வேணும். வெளியூர்லேருந்து வந்த ஹார்வர்டு படிப்பாளி, வாயை மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டார். அடுத்த வருஷம், 1961ல, பள்ளி வேலையை முடிச்சிட்டு திரும்பி வந்தார்.

மிசிசிப்பியில அப்போ ஓட்டு நிலவரம் என்னன்னு சொல்லணும். கறுப்பருக்கு ஓட்டுரிமை இல்லைன்னு சட்டத்துல எங்கேயும் எழுதலை. ஆனா வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கணும்னா ஒரு பரீட்சை. மாநில அரசியல் சட்டத்துல 285 பிரிவு இருந்தது. அதுல ஒண்ணை அதிகாரி எடுத்துக் கொடுப்பார். அதைப் பார்த்து எழுதி, அர்த்தமும் விளக்கணும். அப்புறம் குடிமகனோட கடமை என்னன்னு ஒரு கட்டுரை. பாஸா ஃபெயிலா? அது அந்த அதிகாரியோட இஷ்டம், அவரைக் கேட்க ஆள் கிடையாது. வெள்ளைக்காரருக்கு ஒரு வரிப் பிரிவு வரும், கறுப்பின பேராசிரியருக்கு வக்கீலே தலையைச் சொறியிற பிரிவு வரும். இதுக்கு மேல தேர்தல் வரி வேற. போதாதுன்னு 1962ல இன்னொரு சட்டம்: விண்ணப்பம் போட்டவங்க பேரை உள்ளூர் பேப்பர்ல ரெண்டு வாரம் போடணும். பண்ணையாருக்கும் முதலாளிக்கும் தெரியணும் இல்ல!

விளைவு? மோசஸ் வேலை பார்த்த அமைட் கவுண்டியில பட்டியல்ல இருந்த கறுப்பர் எண்ணிக்கை, ஒண்ணு. ஆமா, ஒரே ஒருத்தர்.

1961 ஆகஸ்ட் 29. அந்த கவுண்டியோட தலைநகரம் லிபர்ட்டி. (சுதந்திரம்னு பேர் வெச்சிருக்காங்க, என்னத்த சொல்ல.) பேர் சேர்க்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு கோர்ட் பக்கம் போறார் மோசஸ். நடுரோட்டுல ஷெரிஃபோட சொந்தக்காரன் ஒருத்தன் கத்திப் பிடியால தலையிலயே அடிச்சான். ரத்தம் ஒழுக ஒழுக எழுந்து, கூட வந்தவங்களைக் கோர்ட் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். தையல் எல்லாம் அப்புறம்தான். அதை விடப் பெரிய விஷயம், அடிச்சவன் மேல கேஸ் போட்டார். கறுப்பன் வெள்ளைக்காரன் மேல புகார் கொடுக்கறது அந்த ஊர்ல நினைச்சே பார்க்காத சங்கதி. கேஸ் தோத்துச்சு, எதிர்பார்த்ததுதான்.

அடுத்த மாசம் 25ஆம் தேதி ஹெர்பர்ட் லீங்கிற விவசாயியை, ஒன்பது பிள்ளைங்களுக்கு அப்பா, பருத்தி ஜின்னிங் ஆலை வாசல்ல பட்டப்பகல்ல சுட்டுக் கொன்னாங்க. செஞ்ச குத்தம், மோசஸைத் தன் வண்டியில கூட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனது. சுட்டவர் மாநில சட்டசபை உறுப்பினர். தற்காப்புக்காகச் சுட்டார்னு சீக்கிரமே முடிச்சிட்டாங்க. நடந்ததை நேர்ல பார்த்த லூயிஸ் ஆலன், பயந்து முதல்ல பொய் சாட்சி சொல்லிட்டு அப்புறம் எஃப்பிஐகிட்ட உண்மையைச் சொன்னார். அவரையும் 1964 ஜனவரி 31ல, மாநிலத்தை விட்டுக் கிளம்ப இருந்ததுக்கு முந்தின நாள், வீட்டு வாசல்ல சுட்டுட்டாங்க. லீயோட மரணம் தன்னால வந்ததுங்கிற பாரம் மோசஸை விடவே இல்லை.

அதே 1961 அக்டோபர்ல மெக்கோம் ஊர்ல இன்னொண்ணு நடந்தது. பிரெண்டா டிராவிஸ்னு ஒரு பள்ளி மாணவி போராட்டத்துல கைதாகி வெளிய வந்ததும், பள்ளியில திரும்பச் சேர்த்துக்க மாட்டேன்னுட்டாங்க. நூத்துக்கு மேல மாணவர்கள் வகுப்பை விட்டு ஊர்வலமா வெளிய வந்தாங்க. இனிமே போராட மாட்டேன்னு எழுதிக் கொடுத்தாத்தான் உள்ளேன்னு நிர்வாகம் சொல்ல, பலர் கையெழுத்துப் போடலை. அவங்களுக்காக ஸ்னிக் ஆளுங்க ஒரு பள்ளி ஆரம்பிச்சாங்க, பேரு 'அகிம்சை உயர்நிலைப் பள்ளி'. அதுல கணக்குப் பாடம் எடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? :-) சில வாரம்தான் ஓடுச்சு, வாத்தியாருங்க எல்லாம் ஜெயிலுக்குப் போயிட்டாங்க.

இப்போ இந்தப் பதிவோட மையத்துக்கு வர்றேன். 1963 பிப்ரவரியில கிரீன்வுட் பக்கத்துல மோசஸ் போன கார் மேல துப்பாக்கிச் சூடு. ஓட்டிக்கிட்டு இருந்த ஜிம்மி டிராவிஸ் கழுத்துல குண்டு, பக்கத்துல இருந்த மோசஸ்தான் ஸ்டீயரிங்கைப் பிடிச்சு வண்டியை நிறுத்தினார். (டிராவிஸ் பிழைச்சிக்கிட்டார்.) இதுக்குப் பயந்து ஓடுவாங்கன்னு பார்த்தா, ஸ்னிக் ஆளுங்க மொத்தமா கிரீன்வுட்டுல வந்து இறங்கினாங்க. ஜனங்களும் நூத்துக்கணக்குல பேர் சேர்க்க வரிசையில நின்னாங்க. கைது, வழக்கு, ஃபெடரல் கோர்ட். நீதிபதி கிளேட்டன் மோசஸைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: எழுதப் படிக்கத் தெரியாதவங்களை எதுக்குய்யா பேர் சேர்க்கக் கூட்டிட்டு வர்றே?

மேலோட்டமா கேட்டா நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். மோசஸ் சொன்ன பதிலோட சாரம் இது: அரசியல் அதிகாரத்தை வெச்சு இவங்களுக்குப் படிப்பைக் கொடுக்காம விட்டது நீங்க. இப்போ படிப்பு இல்லைன்னு காரணம் காட்டி அரசியல் அதிகாரத்தைக் கொடுக்க மாட்டேன்னு சொல்றதும் நீங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல சொல்ல முடியாது.

யோசிச்சுப் பாருங்க. வரிசையில நின்னவங்கள்ல நிறையப் பேர் வாரத்துக்குப் பயிர் செய்யற குத்தகை விவசாயிங்க. பருத்தி எடுக்கற சீசன்ல கறுப்பினப் பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க, பிள்ளைங்க வயல்ல நிக்கணும். அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து நின்னா, அரசியல் சட்டத்துக்கு உரை எழுதுன்னு பேப்பரை நீட்டறாங்க. நம்ம பாஷையில சொன்னா டெட்லாக். ஏ விடுவிச்சாத்தான் பி நகரும், பி நகர்ந்தாத்தான் ஏ விடுவிக்கும். வெளியேருந்து எதையாவது உடைக்காம அது ஓடாது.

உடைச்சாங்க. 1963 நவம்பர்ல, இவங்களுக்கு ஓட்டுல ஆர்வமே இல்லைன்னு சொன்னவங்களுக்குப் பதிலா ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினாங்க. 80,000 பேருக்கு மேல ஓட்டுப் போட்டாங்க. 1964ல 'சுதந்திரக் கோடை'. வடக்கேருந்து வந்த நூத்துக்கணக்கான கல்லூரி மாணவர்கள், 40 சொச்சம் சுதந்திரப் பள்ளிகள். கோடை தொடங்கின உடனே சேனி, குட்மேன், ஷ்வெர்னர்னு மூணு இளைஞர்களைக் கொன்னு மண் அணைக்கட்டுக்கு அடியில புதைச்சாங்க. ஆகஸ்ட்ல ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு, வெள்ளையர் மட்டுமே இருந்த மிசிசிப்பி குழுவுக்குப் போட்டியா இவங்க ஒரு குழுவைக் கொண்டுபோனாங்க. கட்சித் தலைமை ரெண்டே ரெண்டு சீட் தர்றோம்னுச்சு, அதுல யார் உட்காரணும்னும் அவங்களே முடிவு பண்ணி. ஃபேனி லூ ஹேமரோட வந்த அந்த ஜனங்க வேணாம்னு திரும்பிட்டாங்க. 1965 ஆகஸ்ட்ல வாக்குரிமைச் சட்டம் வந்தது, அந்தப் பரீட்சை ஒழிஞ்சது. சட்டத்துக்கு முன்னாடி மிசிசிப்பியில ஓட்டுப் போடத் தகுதியான கறுப்பர்கள்ல பட்டியல்ல இருந்தவங்க 6.7 சதவீதம். 1967ல 59.8 சதவீதம்.

ஆனா அந்த மாநாட்டுக்கு அப்புறம் மோசஸ் மனசு விட்டுப்போச்சு. இன்னொரு தொல்லை அவரோட பேர். பைபிள்ல ஜனங்களை மீட்டுக் கூட்டிட்டுப் போனவர் மோசே இல்லையா, இவரையும் அப்படியே பார்க்க ஆரம்பிச்சாங்க. தலைவரே வேணாம்னு சொல்ற ஆளுக்கு இது எப்படி இருக்கும்? மோசஸை வெட்டிட்டு ராபர்ட் பாரிஸ்னு பேரை மாத்திக்கிட்டார். 1966ல வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கற கடிதம் வந்தது, வயசு வரம்பைத் தாண்டி 31 ஆன ஆளுக்கு. கனடாவுக்குப் போய் கிடைச்ச வேலையைச் செஞ்சார். 1969லேருந்து மனைவி ஜேனட்டோட டான்சானியாவுல. அங்கே என்ன வேலை? வேற என்ன, கணக்கு வாத்தியார். நாலு பிள்ளைங்க. 1976ல திரும்பி வந்து, கிட்டத்தட்ட இருபது வருஷம் முன்னாடி விட்ட முனைவர் படிப்பை ஹார்வர்டுல தொடர்ந்தார், கணிதத் தத்துவத்துல.

1982ல மூத்த பொண்ணு மைஷா கேம்பிரிட்ஜ் ஊர்ல எட்டாம் வகுப்பு. அந்தப் பள்ளியில எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா கிடையாது. வீட்டுல அப்பா சொல்லித் தர்றேன்னா, பொண்ணு ரெண்டு கணக்கெல்லாம் என்னால படிக்க முடியாதுன்னுடுச்சு. டீச்சர், நீங்களே வகுப்புக்கு வந்து சொல்லிக்கொடுங்களேன்னு கூப்பிட்டாங்க. அந்த வருஷம்தான் மெக்ஆர்தர் ஃபெலோஷிப் கிடைச்சிருந்தது, சம்பளத்துக்கு ஓட வேண்டியதில்லை. போய்ப் பார்த்தா, வகுப்புல திறமை வாரியா பிரிச்சு உட்கார வெச்சிருக்காங்க. மேல் வரிசையில யாரு, கீழ் வரிசையில யாருன்னு நான் சொல்லணுமா?

அமெரிக்காவுல எட்டு, ஒன்பதாம் வகுப்புல அல்ஜீப்ரா எடுக்கலைன்னா, பள்ளி முடிக்கறதுக்குள்ள கால்குலஸ் வரைக்கும் போக முடியாது. அது இல்லைன்னா என்ஜினியரிங், அறிவியல் கதவெல்லாம் சாத்திக்கும். பதிமூணு வயசுப் பிள்ளைக்கு அப்போ இது தெரியவும் தெரியாது. மோசஸுக்கு லிபர்ட்டி கோர்ட் வாசல் ஞாபகம் வந்திருக்கும். அவர் வாதம் இதுதான்: இயந்திரக் காலத்துல எழுதப் படிக்கத் தெரியாதவன் குத்தகை வயல்லயே கிடந்தான். கம்ப்யூட்டர் காலத்துல குறியீடு தெரியாதவன் அதே இடத்துல கிடப்பான். அதனால கணிதம் ஒரு சிவில் உரிமை.

சரி, எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? கீழ் வரிசைப் பசங்க எங்கே சிக்கிக்கறாங்கன்னு உட்கார்ந்து கவனிச்சார். அவங்க மனசுல எண்ணுன்னா ஒரே கேள்விதான்: எத்தனை? அல்ஜீப்ராவுக்கு இன்னொரு கேள்வியும் வேணும்: எந்தப் பக்கம்? அதுக்கு அவர் பண்ணது, பசங்களைக் கூட்டிக்கிட்டு பாஸ்டன் மெட்ரோவுல ரெட் லைன் ரயில் ஏறினது!

திரும்பி வந்து பசங்க படம் வரைவாங்க, தங்கள் பாஷையில எழுதுவாங்க, ஸ்டேஷன்களை ஒரு கோட்டுல குறிப்பாங்க. உதாரணத்துக்கு நானே ஒண்ணு போடறேன். சென்ட்ரல் ஸ்டேஷனைப் பூஜ்யம்னு வெச்சுக்கோங்க. பாஸ்டன் பக்கம் அடுத்தது கெண்டல், +1. அப்புறம் சார்ல்ஸ், +2. பார்க் ஸ்ட்ரீட், +3. எதிர்ப்பக்கம் ஹார்வர்டு, -1. ஒரு பயணம்னா சேர்ந்த இடத்துலேருந்து கிளம்பின இடத்தைக் கழிக்கணும். பார்க் ஸ்ட்ரீட்ல ஏறி கெண்டல்ல இறங்கினா, 1 - 3 = -2. அதாவது ஹார்வர்டு பக்கமா ரெண்டு ஸ்டேஷன். ஹார்வர்டுல ஏறி கெண்டல்ல இறங்கினா? 1 - (-1). விரல் விட்டு எண்ணுங்க, ரெண்டு ஸ்டேஷன், பாஸ்டன் பக்கம். +2. அவ்வளவுதாங்க. மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்னு மந்திரம் மாதிரி ஒப்பிச்சு நாலு வருஷ என்ஜினியரிங்கும் முடிச்ச எனக்கு, இந்த ரயில்தான் அது ஏன்னு காட்டுச்சு.

இதுல ஒரு படி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹார்வர்டுல குவைன்கிற தத்துவவாதிகிட்டேருந்து எடுத்துக்கிட்டது. நாம சாதாரணமா, அக்கா தங்கச்சியை விட உயரம்னு சொல்லுவோம். இது ஜனங்க பேச்சு. இதைக் கொஞ்சம் இறுக்கி, அக்காவோட உயரம் தங்கச்சியோட உயரத்தை விட அதிகம்னு சொல்லணும். எந்த அம்சத்தை ஒப்பிடறோம்னு வெளிய வந்துடுச்சு பாருங்க. இதுக்கு அப்புறம்தான் உ(அ) > உ(த)ன்னு குறியீடு. கிளையன்ட் வாயால சொல்றதுக்கும் நாம அடிக்கற கோடுக்கும் நடுவுல ஒரு ஸ்பெக் டாக்குமெண்ட் வேணும்னு தினமும் ஆபீஸ்ல மல்லுக்கட்டறோமே, அதேதான். பள்ளிக்கூடங்கள்ல நடு டாக்குமெண்ட்டைத் தூக்கிட்டு நேரா எக்ஸ், ஒய்யில குதிக்கறாங்க. வீட்டுல பேசற பாஷை பாடப்புத்தக பாஷைக்குப் பக்கத்துல இருக்கற பிள்ளை எப்படியோ தாவிடும். மத்தது விழும். அதை நாம மண்டுன்னு சொல்லிடறோம்.

இப்படி வளர்ந்ததுதான் அல்ஜீப்ரா ப்ராஜெக்ட். சேனியோட சாவுச் சடங்குல கொதிச்சுப் போய்ப் பேசின டேவ் டென்னிஸ், அப்போ வக்கீலா இருந்தவர், கூடச் சேர்ந்துக்கிட்டார். 1992ல திட்டம் மிசிசிப்பிக்கே திரும்பிப் போச்சு. அறுபது வயசைத் தாண்டின மோசஸ், ஜாக்சன் நகரத்துல லேனியர் உயர்நிலைப் பள்ளியில தானே பாடம் எடுத்தார். வாரா வாரம் கேம்பிரிட்ஜ்லேருந்து ஜாக்சனுக்குப் பறந்துக்கிட்டு! 2001ல, சுதந்திரப் பள்ளி யோசனையைக் கொடுத்த சார்லி காபோட சேர்ந்து 'ராடிக்கல் ஈக்வேஷன்ஸ்'னு புத்தகமும் எழுதினார்.

எல்லாரும் அல்ஜீப்ரா படிச்சா வறுமை போயிடுமான்னு கேட்டா, எனக்கும் சந்தேகம்தான். வேலை இல்லாத ஊர்ல ஈக்வேஷனை வெச்சு என்ன பண்ணுவாங்கிறது நியாயமான கேள்வி. ஆனா மோசஸ் எதிர்பார்த்தது வேற. பேர் சேர்க்க வரிசையில நின்ன குத்தகைக்காரர்தான், இவங்களுக்கு ஆர்வம் இல்லைங்கிற பொய்யை உடைச்சார். அதே மாதிரி, இந்தப் பசங்களுக்குப் படிப்புல ஆர்வம் இல்லைங்கிற பேச்சை அந்தப் பசங்கதான் உடைக்க முடியும், எங்களுக்குச் சொல்லிக்கொடுன்னு அவங்களே கேக்கணும்னார். இரக்கப்பட்டு மேலேருந்து கொடுக்கறதுல அவருக்கு நம்பிக்கை இல்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவுல நடந்த கூத்தைப் பார்க்கும்போது இது புரியுது. 2014ல அந்த நகரத்துப் பள்ளிகள் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எடுத்துட்டு எல்லாருக்கும் ஒன்பதாம் வகுப்புலன்னு மாத்தினாங்க. சொன்ன காரணம் சமத்துவம், சின்ன வயசுலயே பிள்ளைங்களைத் தரம் பிரிக்கக் கூடாது. காசுள்ளவங்க வெளியில படிக்க வெச்சுக்கிட்டாங்க. பத்து வருஷம் சண்டை போட்டு 2024ல திரும்பக் கொண்டுவர முடிவு பண்ணாங்க, அதுக்கும் சொன்ன காரணம் சமத்துவம். கதவை எந்த வயசுல திறக்கறதுன்னே ரெண்டு பக்கமும் பேசுச்சு. கீழ் வரிசைப் பிள்ளையை ரயில் ஏத்திக் கூட்டிட்டுப் போக யாருன்னு கேட்ட குரல் எனக்கு அதிகம் கேக்கலை.

1996ல மோசஸோட பிள்ளைங்களும் ப்ராஜெக்ட்ல படிச்ச மாணவர்களும் சேர்ந்து 'யங் பீப்பிள்ஸ் ப்ராஜெக்ட்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. உயர்நிலைப் பள்ளிப் பசங்க, தங்களை விடச் சின்னவங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கணும், அதுக்குச் சம்பளமும் உண்டு. 2021 ஜூலை 25ல, 86 வயசுல மோசஸ் இறந்தார். அன்னிக்கு வந்த செய்திகள்ல பாதி அவரைப் போராளின்னு சொன்னது, பாதி கல்வியாளர்னு. லேனியர் பசங்களுக்கு அவர் வெறும் கணக்கு வாத்தியார்தான். மெதுவாப் பேசுவார், காது கொடுத்துதான் கேக்கணும்.